நடுவரின் விரலும் பார்வையாளன் வினாவும்
கண்டிக் கிரிக்கெட் வரலாற்றில் விளங்காத விதிகள்

விளையாட்டென்பது விதிகளால் ஆக்கப்பெற்ற ஓர் உலகம். உணவுக்கும் உறையுளுக்கும் உதவாத ஒரு செயலைப் பல்லாயிரவர் கூடியிருந்து காண்பதற்கும், அதன் முடிவை எண்ணி மகிழ்வதற்கும் வருந்துவதற்கும் காரணம் யாது? அங்கே நிகழ்வன யாவும் முன்னரே உடன்பட்ட ஓர் ஒழுங்கின்படி நிகழ்கின்றன என்னும் நம்பிக்கையே. அந்நம்பிக்கை தளருமிடத்து விளையாட்டு வெறும் ஓட்டமாகவும் எறிதலாகவும் சுருங்கிவிடுகின்றது. தோல்வியைத் தாங்கிக்கொள்ளும் இரசிகன் விளங்காத விதியைத் தாங்கிக்கொள்வதில்லை. அவனது சினத்தை அறியாமை என்றும், அடங்காத் தேசாபிமானம் என்றும் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் வரலாற்றை நுணுகி நோக்குவோர்க்கு அச்சினத்தின் அடியில் நியாயமான ஒரு கோரிக்கை இருப்பது புலனாகும். அதனைக் கண்டி நகரோடு தொடர்புற்ற கிரிக்கெட் நிகழ்வுகளைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்மனக்குறை கிரிக்கெட்டுக்கோ கண்டிக்கோ மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ‘ஸ்பீட்வே’ எனப்படும் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டப் போட்டியுண்டு. தடையமைப்பு எதுவுமில்லாத வண்டிகளில் நால்வர் மண்தடத்தைச் சுற்றி ஓடுவர். ஓர் அணியின் வீரர் காயமுற்றால், வேறோர் அணியின் வீரரை அன்றைய போட்டிக்கு மட்டும் ‘விருந்தாளி’யாக அழைத்துக்கொள்ள அங்கு விதி இடந்தருகின்றது. எவரை அழைக்கலாம் என்பது வீரர்களின் சராசரிப் புள்ளிகளைக் கொண்டு கணிக்கப்படுவதால், நேற்று எதிரணியில் ஓடியவர் இன்று நம்மணிச் சட்டையுடன் ஏன் வந்தார் என்பது நுழைவுச்சீட்டு வாங்கி வந்த இரசிகனுக்கு எப்போதும் விளங்குவதில்லை. மண்தடத்தில் எழும் இவ்வினா புற்றரையிலும் எழுந்துள்ளது.

விதியொன்று செம்மையுற அமைந்துள்ளதா என்பதை மூன்று அளவுகோல்களால் மதிப்பிடலாம். ஆட்டந் தொடங்குமுன் அது அறியப்பட்டிருத்தல் வேண்டும். அனைவர்க்கும் ஒரேவகையாகச் செல்லுதல் வேண்டும். தீர்ப்பின் காரணம் காண்போர்க்குப் புலனாதல் வேண்டும். தமிழில் நாம் ‘நடுவர்’ என்று வழங்குஞ் சொல்லே இவற்றை நினைவூட்டுகின்றது. திருவள்ளுவர் ‘நடுவு நிலைமை’ என்னும் அதிகாரத்தை அரசியலில் வையாது இல்லறவியலில் வைத்தார். நடுநிற்றல் அரசனுக்கு மாத்திரமன்றி எல்லார்க்கும் உரிய கடமை என அதனால் நாம் கொள்ளலாம். தீர்ப்பளிப்பவர் நடுநிற்றலோடு அமையாது. அவர் நடுநிற்கின்றார் என்பதைக் காண்போரும் உணர்தல் வேண்டும்.

கண்டியின் கிரிக்கெட் கல்லூரிகளின் மடியில் வளர்ந்தது. திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமான அஸ்கிரிய மைதானத்திலே 1983ஆம் ஆண்டு ஏப்ரலில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் ஆட்டம் நடைபெற்றது. இலங்கை டெஸ்ட் தகுதி பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. 2010ஆம் ஆண்டு டிசெம்பரில் பல்லேகலை மைதானம் டெஸ்ட் அரங்கானது. கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியோ, 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆந் திகதி கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரனை உலகிற்கு அளித்தது. தேயிலைத் தோட்டங்களில் உழைக்கவெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்த பரம்பரையிற் பிறந்த தமிழர் அவர். விளங்காத விதியினால் ஒரு விளையாட்டு வீரர் எவ்வளவு துன்புறலாம் என்பதற்கு அவர் வரலாற்றைவிடச் சிறந்த சான்று காண்டல் அரிது.

பந்தை வீசுதலுக்கும் எறிதலுக்கும் இடையிலான எல்லை கிரிக்கெட்டின் மிகப் பழைய சிக்கல்களுள் ஒன்றாகும். 1862ஆம் ஆண்டு இலண்டன் ஓவல் மைதானத்தில் எட்கர் வில்ஷர் என்பார் கையைத் தோளுக்கு மேலுயர்த்தி வீசியமைக்காக, நடுவர் ஜோன் லில்லிவைற் அடுத்தடுத்து ஆறுமுறை ‘நோ போல்’ என அறிவித்தார். வில்ஷரும் அவருடனாடிய தொழில்முறை வீரர்களும் மைதானத்தை விட்டு வெளியேறினர். மறுநாள் அந்நடுவர் விலகிக்கொள்ள, ஆட்டந் தொடர்ந்தது. ஈராண்டுகளில், 1864இல், விதியே மாற்றப்பட்டு, கையை உயர்த்தி வீசுதல் முறையானதாயிற்று. நூறாண்டு கழிந்து 1963ஆம் ஆண்டு டிசெம்பரில் பிரிஸ்பேனில், அவுஸ்திரேலிய வீரர் இயன் மெக்கிஃப் ஒரே ஓவரில் நான்குமுறை எறிந்தாரென நடுவர் கொல் ஈகர் கூறினார். அவ்வாட்டத்தோடு மெக்கிஃபின் விளையாட்டு வாழ்வே முடிந்தது. அன்று பார்வையாளர் மெக்கிஃபைத் தோளிற் சுமந்தனர். நடுவரை எள்ளிக் கூச்சலிட்டனர். அவர்கள் தம்நாட்டு நடுவர் ஒருவரையே எதிர்த்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. எனவே இத்தகைய சினத்தை நாட்டுப்பற்று ஒன்றினாலே விளக்கிவிட முடியாது.

1980ஆம் ஆண்டின் விதித்தொகுப்பு, பந்து கையை விட்டு நீங்குவதற்குச் சற்று முன்னர்க் கை நிமிர்வதாக நடுவர்களில் ஒருவர் கருதுவாராயின் அஃது எறிதலே என வரையறுத்தது. இங்கே ‘கருதுதல்’ என்பதே இடர்ப்பாட்டின் வித்து. எவ்வளவு நிமிர்தல் குற்றம் என்பதற்கு அளவு கூறப்படவில்லை. ஒருவர் கருதுவதை மற்றவர் கருதாதுவிடின் யாது செய்வதென்பதும் தெளிவுறவில்லை. பிறப்பிலேயே முழங்கையை முற்றாக நிமிர்த்த இயலாத ஒருவர் வந்தபோது அவ்விதி தடுமாறியது. வளைந்த கை குற்றமன்று, வளைந்த கை நிமிர்தலே குற்றம் என்னும் நுண்ணிய வேறுபாட்டை விரைந்து சுழலும் கையில் வெறுங்கண்ணால் பிரித்தறிதல் எளிதன்று.

1995ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி மெல்பேண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயர் முரளிதரனின் பந்துகளை மூன்று ஓவர்களுள் ஏழுமுறை ‘நோ போல்’ என அறிவித்தார். கை நிமிர்கின்றதா என நோக்குதல் பொதுவாகப் பக்கவாட்டில் நிற்கும் நடுவரின் பணி. பந்துவீசும் முனையில் நிற்பவர் வீச்சாளரின் பாதம் கோட்டைத் தாண்டுகின்றதா என்பதை நோக்குவார். ஹெயரோ பந்துவீசும் முனையில் நின்றுகொண்டே எறிதற் குற்றங் கூறினார். ஆதலின் பாதம் கோட்டைத் தாண்டிற்றுப் போலும் என்றே முதலிற் பலர் எண்ணினர். தண்டனை கண்முன் நிகழ்ந்தது. குற்றம் இன்னதென்பது கண்ணுக்குத் தோன்றவில்லை. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளிதரனை மறுமுனைக்கு மாற்றினார். அம்முனையில் நின்ற நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் ஒரு பந்தையேனும் குற்றங் கூறினாரல்லர். ஒரே நாள், ஒரே மைதானம், ஒரே கை; ஆயின் ஒரு முனையில் குற்றம், மறுமுனையில் குற்றமின்மை! மேற்கூறிய அளவுகோல்களுள் இரண்டாவதும் மூன்றாவதும் அன்று ஒருங்கே முறிந்தன.

பத்து நாட்களின் பின், 1996ஆம் ஆண்டு ஜனவரி 5ஆந் திகதி பிரிஸ்பேனில், நடுவர் ரொஸ் எமர்சனும் ஏழுமுறை ‘நோ போல்’ அறிவித்தார். அவற்றுள் மணிக்கட்டால் சுழற்றப்பட்ட ‘லெக் பிரேக்’ பந்தும் ஒன்று. அதே ஆண்டில் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் அறிவியல் தொழினுட்பப் பல்கலைக்கழகத்திலும் நிகழ்ந்த ஆய்வுகள், அவரது வீச்சு எறிதல் போன்ற ஒரு தோற்ற மயக்கத்தையே தருகின்றது என முடிபு கூறின. ஆய்வுகூடம் அவரை விடுவித்தது. ஆயினும் களத்திலே பழைய விதி பழையபடியே நின்றது. விளைவு 1999ஆம் ஆண்டு ஜனவரி 23ஆந் திகதி அடிலெயிட்டில் வெளிப்பட்டது. எமர்சன் மீண்டும் குற்றங் கூற, ரணதுங்க தம்மணியை மைதான எல்லைவரை அழைத்துச் சென்றார். ஏறத்தாழக் கால்மணி நேரம் ஆட்டந் தடைப்பட்டது. 303 என்னும் இலக்கை நோக்கி ஆடிய இலங்கை ஒரு விக்கெட்டினால் வென்றது. ரணதுங்கவின் செயல் ஒழுக்கக் கோவைக்கு மாறானது என்பதில் ஐயமில்லை. அவருக்குத் தண்டமும் விதிக்கப்பட்டது. எனினும் 1862இல் ஓவலில் நிகழ்ந்ததையும் 1999இல் அடிலெயிட்டில் நிகழ்ந்ததையும் ஒப்புநோக்கின் ஓருண்மை தெளிவாகும். விதி பேச மறுக்குமிடத்து வீரர் வெளிநடப்பினாற் பேசுகின்றனர்.

2004ஆம் ஆண்டு ‘தூஸ்ரா’ எனப்படும் பந்து குறித்து முரளிதரன் மீது மீண்டும் முறைப்பாடு எழுந்தது. அப்பந்தில் அவரது முழங்கை 14 பாகை நிமிர்வதாக ஆய்வு காட்டிற்று. பயிற்சியின் பின் அது 10 பாகையளவிற் குறைந்தது. அக்காலத்திற் சுழற்பந்து வீச்சாளர்க்கு அனுமதிக்கப்பட்டதோ 5 பாகை. விரைவுப் பந்து வீச்சாளர்க்கு 10 பாகை. இவ்வேறுபாட்டின் அடிப்படை யாது என்னும் வினா எழுந்தது. அவ்வாண்டு இங்கிலாந்தில் நடைபெற்ற சம்பியன்ஸ் கிண்ணப் போட்டியில் வீச்சாளர்களின் கைகளை நுண்படக் கருவிகள் பதிவுசெய்தன. ஏறத்தாழ அனைவரின் முழங்கையும் ஓரளவு நிமிர்வதாக அப்போதுதான் தெரியவந்தது. தூயன என்று போற்றப்பட்ட கைகளும் பழைய விதியைச் சொல்லுக்குச் சொல் கொள்ளின் குற்றமுடையனவே! இதன் பயனாக 2005ஆம் ஆண்டு மார்ச் முதலாந் திகதியிலிருந்து எல்லா வீச்சாளர்க்கும் 15 பாகை என்னும் ஒரே எல்லை நடைமுறைக்கு வந்தது.

ஒருவருக்காகவே விதி வளைக்கப்பட்டது என்று கூறுவோர் இன்றும் உளர். அக்கூற்றை முற்றாகத் தள்ளிவிடாது ஆராய்தல் வேண்டும். முரளிதரனைப் பற்றிய சர்ச்சை எழாதிருப்பின் அவ்வளவு நுண்ணிய அளவீடு நிகழ்ந்திராது என்பது உண்மையே. ஆனால் அளவீடு வெளிப்படுத்திய செய்தி அவரைப் பற்றியது மட்டுமன்று. அஃது அனைவரையும் பற்றியது. வில்ஷருக்காக விதி வளைந்தது என்று இன்று எவருங் குறைகூறுவதில்லை. விதி நடைமுறையை உணர்ந்தது என்றே கூறுவர். மேலும், 15 பாகை எல்லை இலங்கையர்க்குச் சலுகையாக அமையவுமில்லை. 2014ஆம் ஆண்டு இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் சசித்ர சேனாநாயக்க அவ்வெல்லையைத் தாண்டுவதாகக் கண்டறியப்பட்டு இடைநிறுத்தப்பட்டார். வீச்சைத் திருத்தி அவ்வாண்டிறுதியில் மீண்டார். தீர்ப்பு பாதகமானதே. ஆயினும் எவரும் மைதானத்தை விட்டு வெளிநடக்கவேண்டி நேரவில்லை. அளவும் காரணமும் முன்னரே அறியப்பட்டிருந்தமையால் கடுமையும் ஏற்புடைத்தாயிற்று.

எறிதல் தொடர்பான சர்ச்சை அந்நிய மண்ணில் நிகழ்ந்தது. 2001ஆம் ஆண்டு மார்ச்சில் அஸ்கிரியவில் இங்கிலாந்துடன் நடைபெற்ற டெஸ்ட் ஆட்டமோ, கண்டிப் பார்வையாளரின் கண்முன்னே பிழையான தீர்ப்புகளை அடுக்கிற்று. சனத் ஜயசூரியவின் துடுப்பிற் பட்ட பந்து நிலத்திற் பட்டெழுந்து கிரஹாம் தோர்ப்பின் கைக்குச் சென்றது, நடுவர் பி. சி. கூரே ஆட்டமிழப்பு என்றார். முரளிதரனின் பந்தில் நாசர் ஹுசைன் துடுப்பாட்டக்காரருக்கு அண்மையில் நின்றோரின் கையிற் சிக்கியும் தப்பிப் பிழைத்துச் சதமடித்தார். இங்கிலாந்து மூன்று விக்கெட்டுகளால் வென்றது. கூரே இலங்கையர், ஆதலின் அந்நியச் சதி என்று பேசவும் இடமில்லை. தொலைக்காட்சியில் வீட்டிலிருந்தோர் பிழையைக் கண்டனர். தீர்ப்பளித்தவர் மட்டும் அதனைக் காணவியலாதிருந்தார். மூன்றாம் நடுவரை வினவும் உரிமை களநடுவர்க்கே இருந்தது, வீரர்க்கு இல்லை. பிழை மனித இயல்பு. திருத்தும் வழி இருந்தும் அதனைப் பயன்படுத்த இயலாமையே மனத்தை உறுத்திற்று. வீரர் தீர்ப்பை மீள்நோக்குமாறு கேட்கும் முறை 2008ஆம் ஆண்டு ஜூலையில், இலங்கையும் இந்தியாவும் ஆடிய டெஸ்ட் தொடரில், இலங்கை மண்ணிலேயே முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது. அம்முறையும் குறையற்றதன்று. பந்து விக்கெட்டின் விளிம்பைத் தொடுமாயின் களநடுவரின் முதற்றீர்ப்பே நிலைக்கும் என்பது இன்றும் பலர்க்குப் புதிராகவே உள்ளது.

மழை தொடர்பான கணக்கு விதிகளோ இரசிகனை மட்டுமன்றி வீரரையும் மயக்குவன. 2003ஆம் ஆண்டு மார்ச் 3ஆந் திகதி டர்பனில் நடைபெற்ற உலகக்கிண்ண ஆட்டத்தில், மழை அணுகுகையில் 229 ஓட்டங்கள் போதும் என்ற செய்தி தென்னாபிரிக்க வீரர்க்கு எட்டியது. மார்க் பௌச்சர் முரளிதரனின் பந்தை ஆறு ஓட்டங்களுக்கு அடித்து அத்தொகையை எட்டினார். அடுத்த பந்தை அமைதியாகத் தடுத்தார். மழை கொட்டியது. ஆனால் டக்வேர்த்–லூயிஸ் கணக்கின்படி 229 என்பது சமநிலைக்கான தொகை. வெற்றிக்கு இன்னும் ஓர் ஓட்டம் வேண்டியிருந்தது. போட்டியை நடத்திய நாடே அவ்வாறு வெளியேறிற்று. 2023ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்தில் இதற்கு மறுதலையான காட்சி தோன்றியது. கொழும்பில் பாகிஸ்தான் 252 ஓட்டங்கள் பெற்றது. இலங்கையும் 252 ஓட்டங்களே பெற்றது. எனினும் இலங்கை வென்றது! மழையினாற் குறைந்த ஓவர்களைக் கொண்டு இலக்கு திருத்தப்பட்டிருந்தமையே காரணம். அதே தொடரில் லாகூரில், 37.1 ஓவர்களில் 292 ஓட்டங்கள் பெறவேண்டியிருந்த ஆப்கானிஸ்தான், அவ்வெல்லை கடந்ததும் வாய்ப்பு அற்றுவிட்டதென எண்ணிற்று. உண்மையில் 37.4 ஓவர்களுள் 295 ஓட்டங்கள் பெற்றிருப்பினும் அடுத்த சுற்றுக்குச் சென்றிருக்கலாம். அக்கணக்குத் தமக்கு அறிவிக்கப்படவில்லை என்று பயிற்றுநர் ஜொனதன் ட்ரொட் பின்னர்க் கூறினார்.

அத்தொடரிற் கண்டிக்கும் ஒரு பங்குண்டு. செப்டெம்பர் 2ஆந் திகதி பல்லேகலையில் இந்தியா பாகிஸ்தானுக்கு எதிராக 266 ஓட்டங்கள் பெற்றது. பாகிஸ்தான் ஒரு பந்தையேனும் எதிர்கொள்ளுமுன் மழை ஆட்டத்தைக் கவர்ந்தது, புள்ளிகள் பகிரப்பட்டன. அடுத்த சுற்றில் அவ்விரு நாடுகளும் மோதிய ஆட்டத்துக்கு மாத்திரம் மேலதிக நாளொன்று ஒதுக்கப்படுமெனத் தொடரின் நடுவே அறிவிக்கப்பட்டது. அச்சுற்றில் இலங்கையும் பங்களாதேஷும் ஆடிய ஏனைய ஆட்டங்களுக்கு அச்சலுகை இல்லை. இவ்விரு அணிகளின் பயிற்றுநரும் தம் வியப்பை வெளியிட்டனர். கிரிக்கெட் சபைகள் உடன்பட்டே அம்முடிவு எடுக்கப்பட்டதெனப் பின்னர் விளக்கங் கூறப்பட்டது. உடன்பாடு இருந்திருக்கலாம். ஆனால் ஆட்டம் பாதியில் நிற்க, வருவாய் மிகுந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் விதி புதிதாக முளைக்குமாயின், முதலாவது அளவுகோலும் இரண்டாவதும் அங்கே பொருளிழக்கின்றன.

இனி விருந்தாளி வீரர் பற்றிய மனக்குறையை நோக்குவோம். 2013ஆம் ஆண்டு சம்பியன்ஸ் லீக் போட்டியில், கண்டித் திரித்துவக் கல்லூரியில் வளர்ந்த குமார் சங்கக்கார இரண்டு அணிகளில் ஆடும் தகுதி பெற்றிருந்தார். ஒன்று ஐதராபாத் அணி. மற்றையது கந்துரட்ட அணி. அவர் கந்துரட்டவைத் தெரிந்து, செப்டெம்பரில் மொகாலியில் ஐதராபாத்துக்கு எதிராகவே ஆடினார். அன்று அவர் பெற்ற ஆட்டமிழக்காத 61 ஓட்டங்கள் கந்துரட்டவுக்கு வெற்றி தரவில்லை. எனினும் கண்டி இரசிகன் தன் அணி எதுவென்று ஐயுற வேண்டியிருக்கவில்லை. ஊரும் வீரரும் பெயரும் ஒன்றாய் நின்றன.

2020இல் தொடங்கிய லங்கா பிரிமியர் லீக்கில் நிலைமை வேறு. கண்டியின் பெயர்தாங்கிய அணி 2020இல் ‘டஸ்கர்ஸ்’, 2021இல் ‘வொரியர்ஸ்’, 2022இல் ‘ஃபல்கன்ஸ்’, 2023இல் ‘பி-லவ்’, 2024இல் மீண்டும் ‘ஃபல்கன்ஸ்’ என ஆண்டுதோறும் பெயர் மாறிற்று. முதலாண்டில் கிறிஸ் கெயில் வருவார் என்றனர், அவர் வரவில்லை. மாற்றாக வந்தோருள் டேல் ஸ்ரெயின் ஒருவர். முதலிரு ஆண்டுகளும் கண்டி அணி கண்டியில் ஓர் ஆட்டமேனும் ஆடவில்லை. முதலாண்டுப் போட்டிகள் யாவும், பெருந்தொற்றின் காரணமாக, ஹம்பாந்தோட்டையிலேயே நிகழ்ந்தன. 2022ஆம் ஆண்டு டிசெம்பரில்தான் பல்லேகலையில் கண்டி மக்கள் தம் பெயருடைய அணியைக் கண்டனர். 2023இல் அவ்வணி கிண்ணத்தையும் வென்றது. விருந்தாளி வீரர் வருதல் குறையன்று. முரளிதரனும் இங்கிலாந்தின் லங்காஷயர் கவுண்டிக்கு விருந்தாளியாகச் சென்று புகழ் சேர்த்தவரே. வந்தவர் எவர், எத்துணைக் காலம் இருப்பார், எந்த ஒழுங்கின்படி வந்தார் என்பன இரசிகனுக்குத் தெரியாதிருத்தலே குறையாகும். பெயரை மட்டும் ஊரிலிருந்து இரவல் பெறும் அணியை ஊரார் தம்முடையதெனக் கொள்ளுதல் கடினம்.

இதுகாறும் கூறியவற்றால் ஓருண்மை பெறப்படும். கண்டியின் கிரிக்கெட் இரசிகன் கேட்டது வெற்றியை மட்டுமன்று. வெற்றிக்கும் தோல்விக்கும் காரணம் காட்டும் ஒழுங்கையே அவன் கேட்டான். எறிதல் விதி அளவு பெற்றது. தீர்ப்பை மீள்நோக்கும் வழி பிறந்தது. இவ்விரண்டும் விதி காப்போர் தாமே முன்வந்து செய்தவையல்ல. வினாக்கள் ஓயாமல் எழுந்தமையாலே செய்யப்பட்டவை. 2007ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆந் திகதி அஸ்கிரியவில் போல் கொலிங்வூட்டை வீழ்த்தி 709ஆவது விக்கெட்டுடன் முரளிதரன் உலக சாதனை படைத்தபோதும், 2010ஆம் ஆண்டு ஜூலையில் காலியில் தம் இறுதி டெஸ்டில் 800ஐ எட்டியபோதும், அவர் வென்றது துடுப்பாட்டக்காரரை மட்டுமன்று. அளவற்ற ஒரு விதியையும் அவர் வென்றிருந்தார்.

இவ்விடத்து நம் போன்ற மாணவர்க்கும் ஒரு கடன் உண்டு. கிரிக்கெட்டின் விதிகள் ஆங்கிலத்திற் பிறந்தவை. அவற்றால் மகிழ்பவரும் வருந்துபவருமான நம்மக்கள் சிங்களத்திலும் தமிழிலும் வாழ்பவர். பாகைக் கணக்கையும் மழைக் கணக்கையும் தோட்டத்து இளைஞனும் நகரத்துத் தொழிலாளியும் தத்தம் மொழியில் ஐயந்திரிபற அறியும்படி எழுதுதல் அறிவுப்பணிகளுள் ஒன்றே. விதியை அறிந்தவன் கூச்சலிடான், வினவுவான். அவ்வினாவுக்கு விடையிறுக்கும் பொறுப்பு விரலை உயர்த்தும் நடுவர்க்கும், அவ்விரலுக்குப் பின்னால் விதி எழுதுவோர்க்கும் என்றும் உண்டு.